பஸ் ஓட்டுநர் தேர்வுக்குக் கம்ப்யூட்டரில் படிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் முதல் மாதம் சினிமாப் பாடல், இமெயில், போட்டோ என்று பொழுதைப் போக்கிவிட்டு, இரண்டாவது மாதம் "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் என் வீட்டிற்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் என் மாமா, கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே இந்தக் கேள்வியைக் கேட்டார். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பஸ் ஓட்டியவர். பிள்ளைகளுடன் இருப்பதற்காகக் குடும்பத்தோடு இங்கு வந்துவிட்டார். இங்கும் பஸ்தான் ஓட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு என்றதும், "மாப்ளே, கேள்வி பதில் எல்லாம் இன்டர்நெட்டிலேயே கிடைக்குதாமே. மனப்பாடம் பண்ணினா போதாதா?" என்றார்.

போதாது. ஏன் போதாது, அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை வைத்து எப்படிப் படிக்கலாம் என்பதே இந்தப் பாடம். உதாரணமாக அமெரிக்க பஸ் ஓட்டுநர் தேர்வை எடுத்துக் கொண்டிருக்கிறேன். அங்குள்ள உறவினருக்கு உதவ நினைப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள் இதே வழியைத் தாங்கள் எழுதும் எந்தத் தேர்வுக்கும் பயன்படுத்திக் கொள்ளலாம்.

1. முதலில் தேர்வைத் தெரிந்து கொள்வோம்

அமெரிக்காவில் கனரக வாகனம் ஓட்ட சி.டி.எல். என்னும் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதன் அடிப்படை விதிகள் நாடு முழுவதற்கும் பொதுவானவை. தேர்வை நடத்தி உரிமம் தருவது அந்தந்த மாநிலம்.

இந்த உரிமத்தில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகள் உள்ளன. 26,001 பவுண்ட் (சுமார் 11,800 கிலோ) அல்லது அதற்கு மேல் மொத்த எடைத் திறன் கொண்ட பெரிய பஸ் பி வகுப்பில் வரும். வகுப்பு எதுவாக இருந்தாலும், ஓட்டுநரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும்படி வடிவமைத்த வாகனத்தை ஓட்ட உரிமத்தில் "பி" என்ற கூடுதல் அனுமதி வேண்டும். பாசஞ்சர் என்பதன் முதல் எழுத்து அது. வகுப்பின் பெயரும் அனுமதியின் பெயரும் தமிழில் ஒன்று போல ஒலித்தாலும் ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்துகள். குழப்பம் வராமல் இருக்க இனி இதைப் பயணிகள் அனுமதி என்றே குறிப்பிடுகிறேன். பள்ளி பஸ் ஓட்ட வேண்டுமானால் இதனுடன் "எஸ்" என்ற இன்னொரு அனுமதியும் தேவை.

"ஓட்டுநரையும் சேர்த்து" என்ற சொற்களைக் கவனியுங்கள். 15 பயணிகளும் ஒரு ஓட்டுநரும் உட்காரும் வேனுக்கும் இந்த அனுமதி வேண்டும். தேர்வில் இப்படிப்பட்ட இடங்களில்தான் கேள்வி வரும்.

புதிதாக எழுதுபவர் பொது அறிவுத் தேர்வு, பயணிகள் தேர்வு, ஏர் பிரேக் உள்ள பஸ் என்றால் ஏர் பிரேக் தேர்வு ஆகியவற்றை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 80 சதவீதம் வேண்டும். பயணிகள் தேர்வில் பல மாநிலங்களில் 20 கேள்விகள் இருக்கும். அதில் 16க்காவது சரியான விடை தர வேண்டும். கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அமைந்திருக்கும்.

எழுத்துத் தேர்வில் வென்றதும் பயிற்சி அனுமதிச் சீட்டு கிடைக்கும். குறைந்தது 14 நாட்கள் அதை வைத்திருந்த பிறகே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். அந்த நாட்களில் பயிற்சியாளர் அருகில் இருக்க ஓட்டிப் பழகலாம். பயணிகளை ஏற்றக் கூடாது. ஓட்டும் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும். எனவே பாடத்தைப் புரிந்து கொள்ளத் தமிழ் உதவட்டும். சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக் கொள்வது அவசியம்.

இன்னொன்று. 2022 பிப்ரவரி 7 முதல், பயணிகள் அனுமதியை முதல் முறையாகப் பெறுபவர் ஓட்டும் தேர்வுக்கு முன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்த நிலையம் மத்திய அரசின் பயிற்சியாளர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்டர்நெட்டில் இலவசமாகப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் பார்த்து விடுங்கள்.

2. கையேட்டை டவுண்லோட் செய்தல்

தேர்வுக் கேள்விகள் எல்லாம் மாநில அரசு வெளியிடும் சி.டி.எல். கையேட்டிலிருந்தே வருகின்றன. இது பி.டி.எப். பைலாக இலவசமாகக் கிடைக்கிறது. இதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பிரவுசரில் மாநிலத்தின் பெயரையும் "சி.டி.எல். மேனுவல்" என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். வரும் முடிவுகளில் முதலில் இருப்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றைத் தாண்டிச் செல்லுங்கள். தளத்தின் முகவரியில் பெயர்ப் பகுதி புள்ளிக்குப் பிறகு ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்துகளில் முடிகிறதா என்று பாருங்கள். அந்நாட்டு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும் முடிவு அது. அரசுச் சின்னம் போலப் படம் போட்டு, "கையேட்டுக்கு இத்தனை டாலர்" என்று கிரெடிட் கார்டு எண் கேட்கும் தளம் வந்தால் உடனே அந்த டேப்பை மூடி விடுங்கள்.

பைல் திறந்ததும் கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எஸ் கீயைத் தட்டுங்கள். பைலை எங்கே சேமிப்பது என்று கேட்கும் கட்டம் வரும். டாக்குமென்ட்ஸ் போல்டருக்குள் "பஸ் தேர்வு" என்று ஒரு புதிய போல்டர் உருவாக்கி அதில் சேமியுங்கள். அப்படியே விட்டால் அது டவுண்லோட்ஸ் போல்டரில் போய் விழும். ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது. பைலின் பெயர் எண்களாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, புரியும்படி ஆண்டோடு பெயர் கொடுங்கள். கையேடு அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் புதிய பதிப்புதானா என்று ஆண்டைப் பார்ப்பது நல்லது.

3. பி.டி.எப். பைலில் படிப்பது

கையேடு நூறு பக்கங்களுக்கு மேல் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டாவது பிரிவு பாதுகாப்பாக ஓட்டுவது பற்றியது. இது பொதுத் தேர்வுக்கு. நான்காவது பிரிவு பயணிகளைப் பாதுகாப்பாக ஏற்றிச் செல்வது. நம் தேர்வுக்கு உயிர்நாடி இதுதான். ஐந்தாவது பிரிவு ஏர் பிரேக். நான்காவது பிரிவு சில பக்கங்களே. ஒரே மாலையில் படித்து விடலாம்.

விண்டோஸுடன் வரும் எட்ஜ் பிரவுசரிலேயே பி.டி.எப். பைலைத் திறக்கலாம். அதில் பயன்படும் வசதிகள் மூன்று.

தேடுதல்: கன்ட்ரோல் + எப் அழுத்தி ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் இடங்கள் எல்லாம் காட்டப்படும். எங்காவது ஒரு விடையில் சந்தேகம் வந்தால் இப்படித் தேடிக் கையேட்டில் சரி பாருங்கள்.

வண்ணமிடுதல்: வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ஹைலைட் பிரிவு கிடைக்கும். எண்களுக்கு ஒரு வண்ணம், "கூடாது" என்று வரும் வரிகளுக்கு இன்னொரு வண்ணம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிறகு பைலைச் சேமிக்க மறக்க வேண்டாம்.

வாசித்துக் காட்டுதல்: கன்ட்ரோல் + ஷிப்ட் + யு அழுத்தினால் கம்ப்யூட்டரே ஆங்கிலத்தில் வாசிக்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். ஆங்கிலம் படித்துப் பழக்கம் விட்டுப் போனவர்களுக்கு இது பெரிய துணை. கண்ணால் வரியைத் தொடர்ந்து கொண்டே கேட்டால் உச்சரிப்பும் பழகும்.

புரியாத பத்தியைக் காப்பி செய்து கூகுள் டிரான்ஸ்லேட் தளத்தில் பேஸ்ட் செய்தால் தமிழில் கிடைக்கும். ஆனால் துறைச் சொற்களில் அது தடுமாறும். "டிரா பிரிட்ஜ்" என்பதற்கு வரைபடப் பாலம் என்றுகூட வரலாம். உண்மையில் அது படகு போவதற்காகத் தூக்கி வழிவிடும் பாலம். பாம்பன் ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிடுவதை அறிந்திருப்பீர்கள். அமெரிக்காவில் பஸ் போகும் சாலைகளிலும் அப்படிப்பட்ட பாலங்கள் உண்டு.

4. விதியோடு காரணத்தையும் படியுங்கள்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். ஓட்டத் தெரிந்தவருக்கு ஏன் பயணிகள் தேர்வு கடினமாகிறது? நம் ஊர் பஸ்களில் ஆட்களை ஏற்றுவது, இறக்குவது, மூட்டையை ஒழுங்குபடுத்துவது, படியில் நிற்பவரை உள்ளே அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் கண்டக்டர் வேலை. அமெரிக்க நகர பஸ்களில் பொதுவாகக் கண்டக்டர் கிடையாது. இந்தத் தேர்வில் பெரும்பகுதி, நம் ஊரில் கண்டக்டர் பார்க்கும் வேலையைப் பற்றியதே. ஸ்டியரிங்கைப் பற்றிக் கேட்பதைவிட, பஸ்சுக்குள் இருப்பவர்களைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். இது புரிந்துவிட்டால் விடைகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

வழி அடைபடக் கூடாது: நடைபாதையிலும் வாசற்படியிலும் பை, பெட்டி இருக்கக் கூடாது. சாமான்களை ஓட்டுநர் தடையின்றி அசையும்படியும், அவசரத்தில் எந்தக் கதவு ஜன்னல் வழியாகவும் பயணிகள் வெளியேறும்படியும், சாமான் விழுந்தோ நகர்ந்தோ யாருக்கும் அடிபடாதபடியும் வைக்க வேண்டும். அவசரக் கதவையோ ஜன்னலையோ திறந்து வைத்துக் கொண்டு பஸ்சை ஓட்டக் கூடாது. அவசர வழி என்ற பலகை தெளிவாகத் தெரிய வேண்டும். அவசரக் கதவின் சிவப்பு விளக்கு இருந்தால் அது எரிய வேண்டும்.

இதற்குக் காரணம் வேண்டுமா? 1988 மே 14 அன்று கென்டகி மாநிலம் கரோல்டன் அருகே, குடிபோதையில் எதிர்த்திசையில் வந்தவரின் வண்டி ஒரு பஸ்சின் மீது மோதியது. அது முன்பு பள்ளி பஸ்சாக இருந்து, பின்னர் ஒரு தேவாலயத்தின் பயணத்துக்குப் பயன்பட்ட வண்டி. மோதியதில் எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. முன் கதவைப் பயன்படுத்த முடியவில்லை. பின்புற அவசரக் கதவை நோக்கிக் குறுகலான நடைபாதையில் எல்லோரும் நெருக்கியடித்தார்கள். 27 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது மோதல் அல்ல, தீயும் புகையும். "நடைபாதையில் பை வைக்கலாமா?" என்ற கேள்வியைப் பார்க்கும்போது இதை நினைத்துக் கொள்ளுங்கள். நான்கு விடைகளில் எது சரி என்று யோசிக்கவே வேண்டியிருக்காது.

நிற்கும் கோடு: ஓட்டுநர் இருக்கையின் பின்பகுதிக்கு முன்னால் எந்தப் பயணியும் நிற்கக் கூடாது. நின்று பயணம் செய்ய வடிவமைத்த பஸ்சில் இதைக் காட்டத் தரையில் 2 அங்குலக் கோடோ வேறு அடையாளமோ இருக்க வேண்டும். காரணம், முன்னால் நிற்பவர் ஓட்டுநரின் பார்வையை மறைப்பார். திடீர் பிரேக்கில் கண்ணாடி மேல் விழுவார்.

ரயில்வே கிராசிங்: தண்டவாளத்துக்கு 15 அடிக்குக் குறையாமலும் 50 அடிக்கு மிகாமலும் நிறுத்த வேண்டும். இரு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். பார்க்கவும் கேட்கவும் உதவும் என்றால் முன் கதவைத் திறக்க வேண்டும். ஒரு ரயில் போனதும் கிளம்பி விடாமல், அடுத்த தண்டவாளத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு ரயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கியர் வண்டியானால் தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக் கூடாது. போக்குவரத்து விளக்கு பச்சையாக இருக்கும்போதும், போலீஸ்காரரோ கொடிக்காரரோ வழிகாட்டும்போதும், டிராம் பாதையிலும், "எக்ஸெம்ப்ட்" என்ற பலகை உள்ள இடத்திலும் நிறுத்தத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்துக் கவனித்துச் செல்ல வேண்டும். உங்கள் மாநில விதி இதைவிடக் கடுமையானால் அதன்படியே நடக்க வேண்டும்.

கிராசிங்கைத் தாண்டினால் மறுபக்கம் முழு பஸ்சும் நிற்க இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்தே இறங்க வேண்டும். 1995 அக்டோபர் 25 அன்று இல்லினாய் மாநிலத்தின் பாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில் ஒரு பள்ளி பஸ் தண்டவாளத்தைத் தாண்டி சிக்னலுக்காக நின்றது. பஸ்சின் பின்பகுதி ரயில் செல்லும் பாதையில் நீட்டிக் கொண்டிருந்தது. ரயில் மோதி 7 மாணவர்கள் இறந்தனர். பஸ்சின் நீளத்தை ஓட்டுநர் எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

தூக்கு பாலம்: விளக்கோ காவலரோ இல்லாத பாலத்தில், பாலம் பிரியும் இடத்துக்குக் குறைந்தது 50 அடி முன்னால் நிறுத்தி, அது முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே செல்ல வேண்டும். ரயில்வே கிராசிங்கில் 50 அடிக்கு மிகாமல். பாலத்தில் 50 அடிக்குக் குறையாமல். இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்பார்கள்.

அபாயப் பொருட்கள்: கார் பேட்டரி, பெட்ரோல் ஆகியவற்றோடு ஏறுபவரை அனுமதிக்கக் கூடாது. விஷ வாயு, திரவ நிலையில் உள்ள விஷம், கண்ணீர்ப் புகைப் பொருள் ஆகியவற்றை பஸ்சில் கொண்டு போகவே கூடாது. பயணிகள் இருக்கும் பகுதியில் வெடிபொருள் கூடாது. சிறிய துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மட்டும் விலக்கு. அனுமதிக்கப்பட்ட அபாயப் பொருட்கள் எல்லாம் சேர்ந்து 500 பவுண்டைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு வகையும் 100 பவுண்டைத் தாண்டக் கூடாது. டாக்டர் பரிந்துரைத்து, நோயாளி தன் உபயோகத்துக்கென உள்ள கலத்தில் கையோடு கொண்டு வரும் ஆக்சிஜனுக்கு அனுமதி உண்டு.

பஸ்சைச் சோதித்தல்: முன் சக்கரங்களில் ரீட்ரெட் செய்த டயர் கூடாது. முன் டயர் கழன்று வந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். தீயணைப்பான், அவசர எச்சரிக்கை முக்கோணங்கள் இருக்க வேண்டும். சர்க்யூட் பிரேக்கர் இல்லாத பஸ்சில் உபரி ப்யூஸ் வேண்டும். காற்றுக்காகக் கூரைக் கதவைச் சிறிது திறந்து வைத்தால் பஸ்சின் உயரம் கூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஓட்டுநர் சீட் பெல்ட் அணிய வேண்டும்.

செய்யக் கூடாதவை: பயணிகள் உள்ளே இருக்கும்போது, தவிர்க்க முடியாத நிலை தவிர, எரிபொருள் நிரப்பக் கூடாது. மூடிய கட்டடத்துக்குள் என்றால் எந்த நிலையிலும் கூடாது. பழுதான பஸ்சைப் பயணிகளோடு இழுத்துச் செல்லக் கூடாது. அங்கே இறங்குவது ஆபத்து என்றால் மட்டும், அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை இழுக்கலாம். நகர பஸ்களில் பின்கதவு திறந்தால் தானாகப் பிடிக்கும் பிரேக் உண்டு. பார்க்கிங் பிரேக்குக்குப் பதிலாக அதை நம்பி நிறுத்தக் கூடாது.

5. எக்ஸெல்லில் சொந்தக் கேள்வித்தாள்

படித்ததை மனதில் நிறுத்தச் சிறந்த வழி நீங்களே கேள்வி தயாரிப்பது. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். மெனு சற்று மாறினாலும் வேலை ஒன்றே.

புதிய பைலைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகள் கொடுங்கள். ஏ நெடுவரிசையில் கேள்வி, பி நெடுவரிசையில் விடை, சி நெடுவரிசையில் "ஏன்?", டி நெடுவரிசையில் மதிப்பெண். கேள்வியையும் விடையையும் ஆங்கிலத்திலும், "ஏன்" என்பதைத் தமிழிலும் எழுதுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிகள் பிரிவில் தமிழைச் சேர்த்துக் கொண்டால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டி மொழியை மாற்றி மாற்றி டைப் செய்யலாம். தமிழ் போனட்டிக் கீ போர்டைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டியே தமிழைப் பெறலாம்.

"ஏன்" நெடுவரிசையில் எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் அந்த விதி உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். கையேட்டின் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள்.

கேள்விகளைக் கலைக்க: ஈ நெடுவரிசைக்கும் ஒரு தலைப்புக் கொடுத்து, முதல் கேள்வி இருக்கும் வரிசையில் சமக் குறி போட்டு, ஆர், ஏ, என், டி என்ற நான்கு எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக் குறியைத் திறந்து மூடி என்டர் தட்டுங்கள். ஏதோ ஒரு தசம எண் வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்துக் கடைசிக் கேள்வி வரை இழுங்கள். பின்னர் ஈ நெடுவரிசையில் ஒரு எண்ணின் மீது கிளிக் செய்து, டேட்டா மெனுவில் சார்ட் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கேள்விகள் வேறு வரிசையில் அமையும். "எக்ஸ்பேண்ட் த செலக்‌ஷன்" என்ற கேள்வி வந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் மட்டும் வரிசை மாறும். கேள்விகள் பழைய இடத்திலேயே இருக்கும்.

கலைத்த பிறகு பி, சி எழுத்துகளின் மேல் மவுஸை இழுத்து, ரைட் கிளிக் செய்து ஹைட் என்பதில் கிளிக் செய்யுங்கள். விடைகள் மறைந்துவிடும். தாளில் விடை எழுதுங்கள். முடிந்ததும் ஏ முதல் டி வரை தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், அன்ஹைட். சரியானால் 1, தவறானால் 0 என்று மதிப்பெண் போடுங்கள். டேட்டா மெனுவில் பில்டர் கொடுத்து 0 மட்டும் காட்டச் சொன்னால் அடுத்த நாள் படிக்க வேண்டியவை மட்டும் திரையில் நிற்கும்.

தொடக்கத்துக்கு ஆறு கேள்விகள் தருகிறேன்.

குடித்துவிட்டு ரகளை செய்யும் பயணியை உடனே இருட்டான சாலையோரம் இறக்கி விடலாமா? கூடாது. அவருடைய பாதுகாப்புக்கும் ஓட்டுநரே பொறுப்பு. அடுத்த நிறுத்தமோ வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடமோதான் சரி.

வளைவில் பஸ் வெளிப்பக்கம் சாய்ந்தால் என்ன பொருள்? வேகம் அதிகம் என்று பொருள்.

இருக்கையைவிட நடைபாதை தாழ்வாக இருந்தால் பயணிகளிடம் எப்போது சொல்ல வேண்டும்? பஸ் முழுவதும் நிற்பதற்கு முன்பே; நின்ற பிறகு சொன்னால் அதற்குள் எழுந்து விடுவார்கள்.

வாடகை பஸ்சில் பயணிகளை எப்போது ஏற்றுவது? புறப்படும் நேரத்தில்தான்; அதுவரை பஸ்சில் களவோ சேதமோ நடக்காமல் இருக்கும்.

புகை, பாட்டு ஆகியவை பற்றிய விதிகளை எப்போது சொல்வது? பயணத் தொடக்கத்திலேயே, பின்னால் வரும் தகராறு குறையும்.

ஓட்டும்போது பார்வை எங்கே? சாலையின் முன்னும் பின்னும் பக்கங்களும், அவற்றோடு பஸ்சின் உள்ளேயும்.

6. மாதிரித் தேர்வுத் தளங்கள்

இன்டர்நெட்டில் இலவச மாதிரித் தேர்வுகள் ஏராளம். பயன்படுத்தலாம், ஆனால் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, பெரிய பச்சை டவுண்லோட் பட்டன் பெரும்பாலும் விளம்பரம். அதில் கிளிக் செய்து தேவையில்லாத புரோகிராமை ஏற்றிக் கொள்ளாதீர்கள். இரண்டு, "உண்மையான தேர்வின் கேள்விகள் எங்களிடம்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். மூன்று, அதே தேர்வை நான்கு முறை எழுதினால் நூற்றுக்கு நூறு வரும். அது விடை எந்த இடத்தில் இருக்கிறது என்ற நினைவுக்குக் கிடைத்த மதிப்பெண். கேள்வியின் சொற்கள் மாறினால் கைவிட்டு விடும். முதல் முறை எழுதும்போது வரும் மதிப்பெண்ணை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

இப்போது வந்துள்ள செயற்கை நுண்ணறிவுத் தளங்களிடம் விளக்கம் கேட்பதும் இப்படித்தான். எளிய தமிழில் நன்றாக விளக்கும். ஆனால் அடி, பவுண்ட் போன்ற எண்களைச் சில நேரம் தவறாகவும் சொல்லும். எந்த எண்ணையும் கையேட்டில் தேடிச் சரி பார்த்த பிறகே எக்ஸெல்லில் ஏற்றுங்கள்.

7. பத்து நாள் திட்டம்

முதல் இரண்டு நாட்கள் நான்காவது பிரிவைக் கேட்டும் படித்தும் முடியுங்கள். அடுத்த மூன்று நாட்களில் நாளுக்கு இருபது கேள்விகள் தயாரியுங்கள். 60 கேள்விகள் சேர்ந்துவிடும். ஆறு, ஏழாம் நாட்களில் கலைத்துப் போட்டு எழுதுங்கள். எட்டாம் நாள் புதிய மாதிரித் தேர்வு ஒன்று. ஒன்பதாம் நாள் 0 வாங்கிய கேள்விகள் மட்டும். பத்தாம் நாள் "ஏன்" நெடுவரிசையை மட்டும் வாசியுங்கள். பொதுத் தேர்வுக்கும் ஏர் பிரேக்குக்கும் இதே போல் தனித்தனி ஷீட் வைத்துக் கொள்ளலாம். பைலின் காப்பி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து வைப்பது நல்லது.

இருபதில் பதினாறு என்பது தேர்வுக்குப் போதும். மீதி நான்கு கேள்விகளில் ஒன்று, நடைபாதையில் இருக்கும் பையைப் பற்றியதாகவோ தண்டவாளத்தில் நீண்டு நிற்கும் பஸ்சின் வாலைப் பற்றியதாகவோ இருக்கலாம். தேர்வு அதை மன்னித்து உரிமம் கொடுத்துவிடும், சாலை மன்னிக்காது. எனவே மதிப்பெண் வந்த பிறகும், 0 என்று நிற்கும் வரிசைகளை ஒவ்வொன்றாகப் படித்து 1 ஆக்கி முடியுங்கள்.